வல்லூறு அணி, பதினோராம் பாகம்

ஆகஸ்ட் 2, புதன்

பாண்டி பஜார் கடைக்காரர் ஒருவழியாக இன்று பென் டிரைவைக் கையில் கொடுத்தார். மூன்று வாரமாக "நாளைக்கு வாங்க திலகாம்மா" பாட்டுதான். அதில் ஏற்றக் கொடுத்த நான்கு வீடியோ கேசட்டிலும் பூஞ்சையாம். பஞ்சு வைத்துத் துடைத்துத் துடைத்து எடுத்தாராம். "வல்லூறு அணி பதிமூணு பாகமும் முழுசா இருக்கறது உங்ககிட்ட மட்டும்தாம்மா" என்றார். அதைப் பேஸ்புக்கில் வேறு போட்டிருக்கிறாராம். போட்டுக்கொள்ளட்டும்.

"எதுக்கும்மா இந்தப் பழைய சீரியலு?" என்று கேட்டார். பொழுது போகவில்லை என்றேன். அவருக்கு அவ்வளவு போதும்.

1988-இல் செவ்வாய்க்கிழமைதோறும் தொலைக்காட்சியில் வந்த தொடர். விமானப்படை விமானிகளின் சாகசக் கதை. பதின்மூன்று பாகத்திலும் அதே மூன்று விமானங்கள்தான் பறக்கும். உள்ளே விமானி உட்கார்ந்திருக்கும் அறை கோடம்பாக்கத்தில் பிளைவுட்டில் செய்தது. புயலில் விமானம் குலுங்க வேண்டுமென்றால் இரண்டு பேர் கீழே குனிந்து உட்கார்ந்து ஆட்டுவார்களாம். ஆனாலும் அன்றைக்குத் தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஸ்குவாட்ரன் லீடர் இளமாறன் என்றால் பெண்களுக்கு ஒரு மயக்கம்.

இளமாறனின் முகம் எட்வின் ஜெயசிங் என்கிற நாகர்கோவில்காரர். குரல் என் வீட்டுக்காரர் ஞானமூர்த்தி. தொடரின் ஆரம்பத்தில் ஓடும் பெயர்களில் சாப்பாடு சப்ளை செய்தவர் பெயர்கூட இருக்கும். இவர் பெயர் இருக்காது.

பென் டிரைவை டிவியில் சொருகிவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கினேன். முகம் எனக்கு வேண்டாம்.

ஆகஸ்ட் 3, வியாழன்

வாஷிங் மெஷின் ஆள் வரவில்லை. மூன்று பாகம் கேட்டேன்.

ஆகஸ்ட் 5, சனி

டப்பிங் கலைஞனைக் கட்டிக்கொண்டால் வீடு நிறையப் பேச்சு இருக்கும் என்றுதான் என் அக்காக்கள் என்னைக் கிண்டல் செய்தார்கள். நடந்தது நேர்மாறு. பகல் முழுக்க யார் யாருக்கோ அழுதுவிட்டு, சிரித்துவிட்டு, அரக்கனுக்குக் கர்ஜித்துவிட்டு வந்து, வீட்டில் குரலைச் சேமிப்பார். மோர் வேண்டுமென்றால் டம்ளரை ஸ்பூனால் தட்டுவார். நானும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்க ஊர்ப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்தவள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

அவர் போவதற்கு நான்கு வருடம் முன்னால் தொண்டையில் புற்றுநோய் என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அப்புறமும் டம்ளர்தான். வித்தியாசம் ஒன்றுதான். முன்பு பேச முடிந்தும் பேசாமல் இருந்தார்.

இன்று பதினோராம் பாகம் வந்தது. இதற்காகத்தான் மற்ற பத்தும்.

இளமாறன் எல்லைக்குப் பறக்கப் போகிறான். நிச்சயம் செய்த பெண் வாசலில் நிற்கிறாள். அவன் திரும்பிச் சொல்கிறான்: "வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. வாசலைப் பார். நான் வாசல் வழியாகத்தான் வருவேன்."

இந்த வசனத்தை எந்த வசனகர்த்தாவும் எழுதவில்லை. அந்தக் காட்சி எடுத்த அன்று எழுதுகிறவர் வரவில்லை. "வாயை மட்டும் அசை, பேச்சை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று டைரக்டர் எடுத்துவிட்டார். டப்பிங்குக்கு வந்த தாளில் "போய் வருகிறேன்" என்று மட்டும் இருந்தது. திரையிலோ வாய் அசைந்துகொண்டே போகிறது. "ஏதாச்சும் போட்டு நிரப்புங்க மூர்த்தி" என்றார்களாம். இவர் மைக் முன்னால் நின்று, அந்த வாயை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்து, சொந்தமாக இதைச் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து அதிசயமாக இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னார்.

"யாரை நினைச்சுக்கிட்டுச் சொன்னீங்க?" என்று கேட்டேன். ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். வேறு என்ன பதில் வேண்டும்?

ஆகஸ்ட் 7, திங்கள்

மறுபடி முதலிலிருந்து கேட்கிறேன். நான்காம் பாகத்தில் இளமாறன் மேகத்துக்குள் மாட்டிக்கொள்கிறான். ரேடியோவில் யாரும் பதில் தரவில்லை. "யாராவது இருக்கிறீர்களா? என் குரல் கேட்கிறதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான்.

"கேக்குது, சொல்லுங்க" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். எக்ஸ்சேஞ்ச் பழக்கம். வேலைக்கார அஞ்சலை துடைப்பத்தோடு நின்று என்னைப் பார்த்தாள். "என்னம்மா, யாரு லைன்ல?" என்றாள். யாருமில்லை என்றேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

ஒரு பெண் போன் செய்தாள். ஷெர்லின் என்று பெயர், வேளச்சேரியில் பிசியோதெரபி கிளினிக்கில் வேலை. கடைக்காரர் பேஸ்புக்கில் போட்டதைப் பார்த்து அவரிடம் என் நம்பரை வாங்கியிருக்கிறாள். எட்வின் ஜெயசிங்கின் மகளாம். அவளுக்கு இரண்டு வயதாகும்போது அவர் மாரடைப்பில் போய்விட்டாராம். எனக்குத் தெரியாது. முகத்தைப் பற்றி நான் விசாரித்ததே இல்லை.

"ஒரே ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போறேன் திலகா ஆன்ட்டி" என்றாள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது.

ஆகஸ்ட் 10, வியாழன்

கையில் பிளம் கேக்கோடு வந்தாள். நெடுநெடுவென்று உயரம். திரையில் பார்க்க மாட்டேன் என்று நான் அடம்பிடித்த அந்த முகம் சோபாவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

காபி கலந்து எடுத்து வருகிறேன். வாசல் பக்கத்திலிருந்து இவர் பேசினார். "வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. வாசலைப் பார்."

நான் வாசலைப் பார்த்தேன். காபி கையில் கொட்டியது தெரியவில்லை. "நான் வாசல் வழியாகத்தான் வருவேன்" என்று முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

செருப்பு ஸ்டாண்டின் மேல் ஷெர்லின் வைத்திருந்த கைப்பைக்குள் அவள் போன். ரிங்டோன்.

"ஐயோ ஆன்ட்டி, கை சுட்டுருச்சா?" என்று ஓடிவந்தாள். யாரோ எப்போதோ யூட்யூபில் போட்ட துண்டு அது. காலேஜ் படிக்கும்போதிலிருந்து இதுதான் அவள் ரிங்டோன். "எங்கப்பா குரல் எங்ககிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். கிளினிக்ல எல்லாரும் ஓட்டுவாங்க. நான் மாத்த மாட்டேன். போன் அடிச்சா அப்பா கூப்பிடுற மாதிரி இருக்கும்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். குழம்பு அடுப்பில் இருந்தது, அதைப் பார்க்கப் போய்விட்டேன்.

முதல் பாகம் போட்டேன். திரைக்கு ஓர் அடி தள்ளித் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். நான் வழக்கம்போல முதுகைக் காட்டிக் கேட்டேன். "அப்பா எவ்ளோ கம்பீரமா பேசுறாங்கல்ல ஆன்ட்டி?" என்றாள். கம்பீரம்தான். ஆமாம் என்றேன்.

அவள் அம்மா லீலா இந்தத் தொடரைப் பற்றிப் பேசவே மாட்டாளாம். எடுத்தாலே எழுந்து போய்விடுவாளாம். கிளம்பும்போது ஷெர்லின் சுவரில் இவர் படத்தைப் பார்த்தாள். "அங்கிளா? என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

"சினிமாவுல இருந்தாரு."

"ஆக்டரா?"

"இல்ல."

ஆகஸ்ட் 11, வெள்ளி

கை கொப்பளித்திருக்கிறது. கேக் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

ஷெர்லின் மறுபடியும் வந்தாள். ஐந்து பாகம் பார்த்தாள். எனக்கு மெஷினைச் சரிசெய்ய ஆள் பிடித்துக் கொடுத்தாள், முழங்காலுக்கு ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். நல்ல பெண். கெட்ட பெண்ணாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கிளம்பும்போதுதான் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். கறுப்புக் கிரானைட் பலகை, மாதிரி வரைந்தது. எட்வின் ஜெயசிங், பிறப்பு, இறப்பு. கீழே தங்க எழுத்தில், மேற்கோள் குறிகளுக்குள், இவர் சொன்ன வசனம்.

"இருபத்தேழாம் தேதி அப்பா போயி முப்பது வருஷம் ஆகுது. நாகர்கோவில்ல கல்லறையப் புதுசாக் கட்டுறோம். சர்ச்ல நினைவு ஆராதனை இருக்கு, அதுல ஸ்பீக்கர்ல அப்பா குரலப் போடலாம்னு இருக்கேன். பதினோராம் பாகத்துல இருந்து நல்ல ஆடியோவா எடுத்துக்கட்டுமா ஆன்ட்டி? கல்லுல அடுத்த வாரம் வெட்ட ஆரம்பிச்சிடுவாங்க."

சரி என்றேனா, பார்க்கலாம் என்றேனா, ஞாபகமில்லை.

இவருக்குக் கல்லறை கிடையாது. பெசன்ட் நகரில் எரித்து, சாம்பலைக் கடலில் கரைத்தோம். முப்பது வருடம் ஆயிரம் வாய்களுக்குப் பேசியவர். தன் பெயரில் ஒரு எழுத்துகூட எங்கும் இல்லை. சொந்தமாகச் சொன்னது ஒரே ஒரு வசனம். அதுவும் இன்னொருவர் தலைமாட்டில் தங்க எழுத்தில் போகப்போகிறது.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

டிவியில் கொடியேற்றம். ஹெலிகாப்டரிலிருந்து பூத் தூவினார்கள்.

நாள் முழுக்க எனக்குள் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறேன். சொன்னால் அந்தப் பெண் முப்பது வயதுக்கு மேல் மறுபடி ஒருமுறை அப்பனைப் பறிகொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் யாருக்கு நஷ்டம்? போனவருக்கு நஷ்டமில்லை. அவர் இருந்திருந்தால் டம்ளரைத் தட்டி, விடு என்று கையை ஆட்டியிருப்பார்.

எனக்குத்தான் நஷ்டம். அது எனக்குச் சொன்னது. அந்தச் சிரிப்பைப் பார்த்தவள் நான்.

மத்தியானம் சமையலறையில் இருந்தபோது ஹாலில் டம்ளர் தட்டும் சத்தம். மோரை எடுத்துக்கொண்டு போனேன். எதிர்வீட்டில் ஏதோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். மோரை நானே குடித்தேன்.

ஆகஸ்ட் 17, வியாழன்

சொல்லிவிட்டேன்.

ஆடியோ எடுக்க லேப்டாப்போடு வந்திருந்தாள். பென் டிரைவை அவள் கையில் கொடுத்தபின் என்னால் விட முடியவில்லை. ஒரு நுனியை அவள் பிடித்திருக்கிறாள், ஒரு நுனியை நான். குழந்தைச் சண்டை மாதிரி இருந்தது.

"அது உங்கப்பா குரல் இல்லம்மா" என்றேன்.

"என்ன ஆன்ட்டி?"

"அந்தக் காலத்துல முகம் ஒருத்தர், குரல் ஒருத்தர். உங்கப்பாவுக்குக் குரல் கொடுத்தது வேற ஆள்."

"யாரு?"

சுவரைப் பார்த்தேன் போலிருக்கிறது. அவளும் பார்த்தாள். எழுந்து போய் இவர் படத்துக்கு முன்னால் நின்றாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ரொம்ப மெதுவாக, "அப்போ நான் அப்பான்னு நினைச்சு இவ்ளோ நாள் இவரைத்தான் கேட்டுட்டு இருந்தேனா?" என்றாள்.

"ஆமாம்மா."

"முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல ஆன்ட்டி. நான் உங்க முன்னாடி அழுதுட்டெல்லாம் இருந்தேனே."

பென் டிரைவை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கேட் வரைக்கும் போனபின் திரும்பி வந்து, "முட்டி எக்சர்சைஸ விட்றாதீங்க" என்றாள். அதுதான் என்னை உடைத்துவிட்டது. உட்கார்ந்து அழுதேன்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

அவள் நம்பருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. எங்கேயோ அவள் கைப்பைக்குள் என்ன ஒலித்திருக்கும் என்று யோசித்தேன். மாற்றியிருப்பாள்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ஒன்றும் எழுதுவதற்கில்லை. டிவி போடவில்லை. வீடு பேசாமல் இருந்தது.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

காலை பதினொரு மணிக்கு ஷெர்லின் வந்தாள். கூடவே அவள் அம்மா லீலா. நாகர்கோவிலிலிருந்து ராத்திரி ரயிலில் வந்திருக்கிறாள். என் வயதுதான் இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் ஒரு பை நேந்திரங்காய் சிப்ஸ். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக இவர் படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"இவருதானா?" என்றாள்.

"இவர்தான்."

"நல்ல மனுசன் மாதிரிதான் இருக்காரு" என்றாள், ஏதோ வேறு மாதிரி எதிர்பார்த்தவள்போல.

பிள்ளையிடம் ஏன் மறைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். "பதினாறு வயசுல ஒரு நாள் அந்தத் துண்டக் கேட்டுட்டு ஓடியாந்து, அம்மா, அப்பா பேசுதாருன்னு சொல்லிச்சு. மூஞ்சி அப்பிடி இருந்துச்சு. அதைப் பாத்துட்டு, இல்ல மக்கா, அது உனக்க அப்பா இல்லன்னு எப்பிடிச் சொல்லுகது அக்கா? விட்டுட்டேன். விட்டா விட்டதுதான்."

ஷெர்லின் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாவோடு சண்டை இன்னும் தீரவில்லை என்று தெரிந்தது.

"பதினோராம் பாகத்தப் போடுங்க அக்கா" என்றாள் லீலா. "அந்த வாசல்ல நிக்க சீனு. சத்தம் மட்டும் வேண்டாம்."

ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுப் போட்டேன். அவர்கள் சோபாவில் இருக்க, நான் முதுகைக் காட்டி உட்காருவது மரியாதையில்லை. முதல் தடவையாக முகத்தைப் பார்த்து உட்கார்ந்தேன்.

எட்வின் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினார். வாய் அசைந்தது. லீலா திரையைப் பார்த்தபடியே பேசினாள். குரலை மெலிதாக்கி, மூக்கால் கொஞ்சம், வேகமாக, வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற:

"லீலா, கதவ உள்ள பூட்டிராத, கேட்டியா. நான் விடியக்காலம் பஸ்ஸுக்குத்தான் வருவேன்."

அசைவுக்கு அசைவு ஒட்டியது. உதடு மூடும் இடத்தில் மூடியது, திறக்கும் இடத்தில் திறந்தது. பெரிய பெரிய டப்பிங்கெல்லாம் பார்த்தவள் நான். இப்படி ஒட்டிப் பார்த்ததில்லை.

ஷெர்லின் திரும்பிவிட்டாள். "அம்மா, இது என்ன?"

"உனக்க அப்பா மக்கா. வசனம் இல்ல, சும்மா வாய அசைன்னு சொல்லிட்டானுவளாம். எல்லாரும் ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுவாவளாம். இவரு எனக்குச் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டாரு. டிவியில வரும்போது சத்தத்தக் கேக்காத, வாயப் பாரு, உனக்க பேரு இருக்கும்னாரு. அன்னிலேருந்து இன்னிக்கு வரைக்கும் நான் சத்தம் வச்சுப் பாத்ததில்ல. சத்தம் வச்சா எனக்க பேரு போயிரும்லா."

"அப்பா குரல் இப்படியா இருக்கும்?"

"இதவிடக் கீச்சுன்னு இருக்கும். பேசினா அடுத்த வீட்டுப் பிள்ளையெல்லாம் சிரிக்கும். நானும் சிரிப்பேன்."

"இன்னொரு தடவ சொல்லும்மா."

லீலா சொன்னாள். நான் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட்டினேன். மறுபடி சொன்னாள். எத்தனை தடவை ஓட்டினேன் என்று தெரியாது. ஷெர்லின் அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, திரையைப் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

அப்புறம் லீலா என்னைப் பார்த்து, "இனி சத்தம் வையுங்க. நானும் ஒரு தடவ கேக்கட்டு" என்றாள்.

வைத்தேன். இவர் பேசினார். வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. வாசலைப் பார். நான் வாசல் வழியாகத்தான் வருவேன்.

லீலா என் பக்கம் திரும்பி, "இவரும் கதவத்தான் சொல்லியிருக்காரு" என்றாள்.

கதவு மட்டுமா? "த்தான் வருவேன்" என்று இரண்டும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி முடிகின்றன. அன்று அந்த வாயை ஓட்டி ஓட்டிப் பார்த்தவர் கடைசி வார்த்தைகளைப் படித்துவிட்டிருக்கிறார். ஒரு மனிதன் யாரிடமோ வருவேன் என்று சொல்கிறான், அது இவருக்குத் தெரிந்துவிட்டது. அதை அவன் மனைவிக்கே சேர்த்துவிட்டார். இதை நான் அவர்களிடம் சொன்னேன். லீலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கல்லில் என்ன வெட்டுவது என்று ஷெர்லின் கேட்டாள். "கதவ உள்ள பூட்டிராதன்னு கல்லறையில எழுதினா ஊரு சிரிக்கும் மக்கா. பேரும் தேதியும் போதும்" என்றாள் லீலா. மூன்று பேரும் சிரித்துவிட்டோம். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். ஷெர்லின் போகும்போது இவர் பெயரைக் கேட்டு, இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் தனியாகப் பதினோராம் பாகத்தை மறுபடி போட்டேன். சத்தமில்லாமல், வாயைப் பார்த்து. லீலா சொன்னது சரிதான். முதல் அசைவே அவள் பெயர். நாக்கு மேலே போய் வருவது தெரிகிறது. எட்வின் தன் மனைவி பெயரைச் சொல்கிறார்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை வைத்துக் கேட்டேன். திலகா என்று எங்கும் இல்லை. மறுபடி கேட்டேன். இல்லை.

குரல் அவருடையது, அதில் சந்தேகமில்லை, அது எனக்குப் போதும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். போதவில்லை.